தோற்பதும் ஒரு வியூகமா?

நுழையும்முன்

வெற்றிக்காக ஆடுவதே விளையாட்டின் இயல்பு. ஆயினும், இன்று தோற்றால் நாளை நன்மை கிடைக்கும் என்னும் கணக்கில் சில அணிகள் தோல்வியைத் தாமே தேடிக்கொள்கின்றன. விதி அதற்கு இடமளிக்கும்போது அது தவறாகுமா? தவறு எனில், பொறுப்பு யாருடையது? தொழில்முறை விளையாட்டுலகம் நெடுங்காலமாக விவாதித்துவரும் இவ்வினாக்களை ஆராய்கிறது இக்கட்டுரை.

மாமல்லபுரத்துப் பலகைகள்

செங்கல்பட்டு மாவட்டக் கடற்கரையில், நித்திய கல்யாணப் பெருமாள் கோவில் அமைந்த திருவிடந்தையைக் கடந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே சென்றால் மாமல்லபுரம் வரும். பல்லவர் காலக் கற்சிற்பங்களால் உலகறிந்த இவ்வூர், 2022 ஆம் ஆண்டு சூலை 28 முதல் ஆகத்து 10 வரை 44 ஆவது சதுரங்க ஒலிம்பியாடு போட்டியால் மீண்டும் உலகின் கண்களை ஈர்த்தது. பொதுப்பிரிவில் 188 அணிகளும் மகளிர் பிரிவில் 162 அணிகளும் களம் கண்டன. போட்டியை நடத்திய நாடு என்ற முறையில் இந்தியா ஒவ்வொரு பிரிவிலும் மூன்று அணிகளைக் களமிறக்கியது.

இத்தனை அணிகளும் ஒன்றோடொன்று மோதுவதென்றால் மாதக்கணக்காகும். எனவே, பதினொரு சுற்றுகளே கொண்ட சுவிஸ் முறை பின்பற்றப்பட்டது. இம்முறையில் ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் ஏறத்தாழ ஒரே அளவு புள்ளி பெற்ற அணிகள் அடுத்த சுற்றில் எதிரெதிரே அமர்த்தப்படும். வென்றவர் வென்றவரோடும் தோற்றவர் தோற்றவரோடும் மோதுவர். யாரும் போட்டியைவிட்டு வெளியேற்றப்படுவதில்லை.

இம்முறையில் ஒரு குறுக்குவழி உண்டு. வலிமைமிக்க ஆட்டக்காரர் ஒருவர் தொடக்கச் சுற்றுகளில் வேண்டுமென்றே ஆட்டத்தைச் சமன் செய்துகொண்டாலோ தோற்றாலோ, அடுத்த சில சுற்றுகளில் எளிய எதிராளிகளையே சந்திப்பார். வலியவர்கள் தமக்குள் மோதிக் களைத்திருக்க, இவர் எளிய வெற்றிகளைக் குவித்துக் கடைசிச் சுற்றுகளில் முன்னே வந்துவிடலாம். சதுரங்க உலகம் இதனை ‘சுவிஸ் கேம்பிட்’ என்று குறிப்பிடுகிறது. இதனைப் பாராட்டாகச் சொல்வோர் குறைவு. ஏளனமாகச் சொல்வோரே மிகுதி.

அவ்வேளனத்துக்குக் காரணம் உண்டு. சம புள்ளி பெற்றோரைத் தரவரிசைப்படுத்தும்போது, அவர்கள் எதிர்கொண்ட அணிகள் தொடரில் எவ்வளவு புள்ளி பெற்றன என்பதும் கணக்கில் கொள்ளப்படுகிறது. எளியோரை மட்டுமே வென்று மேலே வந்தவருக்கு அக்கணக்கு துணைநிற்பதில்லை. மாமல்லபுரத்தில் பொதுப்பிரிவின் தங்கம் இவ்வாறே முடிவாயிற்று. உஸ்பெகிஸ்தானும் ஆர்மீனியாவும் தலா 19 புள்ளிகள் பெற்றிருந்தன. சமநிலையை முறிக்கும் கணக்கில் உஸ்பெகிஸ்தான் முந்தியது. மகளிர் பிரிவிலும் உக்ரைனும் ஜார்ஜியாவும் சம புள்ளியில் நிற்க, அதே கணக்கே உக்ரைனுக்குத் தங்கத்தைத் தந்தது.

அதே அரங்கில் இந்தியாவின் இளைஞர் நிறைந்த ‘பி’ அணி வெண்கலம் வென்றது. அவ்வணியின் முதற்பலகையில் அமர்ந்த சென்னைச் சிறுவர் தொ. குகேசுக்கு அப்போது வயது 16. முதல் எட்டு ஆட்டங்களையும் அவர் வென்றார். பத்தாம் சுற்றில் உஸ்பெகிஸ்தானின் நோதிர்பெக் அப்துசத்தோரோவுக்கு எதிராக மேலோங்கிய நிலையில் இருந்த ஆட்டத்தை, வெற்றியைத் தேடிச் சென்று இழந்தார். அச்சுற்று 2-2 என முடிந்தது. ஆயினும், பதினொரு ஆட்டங்களில் ஒன்பது புள்ளிகளுடன் முதற்பலகைக்கான தனிநபர் தங்கம் அவருக்கே கிடைத்தது. வெல்ல முயன்று தோற்ற அத்தோல்வியை எவரும் இழிவாகக் கருதவில்லை. இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 2024 திசம்பரில், சிங்கப்பூரில் அவர் உலக வாகையர் ஆனார்.

தோல்வியில் இருவகை உண்டு என்பதை இதனால் அறியலாம். ஒன்று, வெல்ல முயன்றும் வாய்க்காத தோல்வி. மற்றொன்று, ஆட்டம் தொடங்கும் முன்னரே முடிவுசெய்யப்பட்ட தோல்வி. விவாதம் இரண்டாவதைப் பற்றியதே.

கடைசி இடத்துக்கு வழங்கப்படும் பரிசு

முன்னரே முடிவுசெய்த தோல்விக்குப் பெரும் பரிசு காத்திருக்கும் இடம் ஒன்று உண்டு. அஃது அமெரிக்கத் தொழில்முறை விளையாட்டு. அந்நாட்டில் கால்பந்து என்னும் பெயரால் வழங்குவது, கையால் எறிந்தும் ஏந்தி ஓடியும் ஆடப்படும் நீள்வட்டப் பந்தாட்டம். அதன் தலைமை அமைப்பான என்.எஃப்.எல்.-இல் இன்று 32 அணிகள் உள்ளன. கல்லூரி ஆட்டத்தை முடித்துவரும் இளம் வீரர்களை இவ்வணிகள் ஆண்டுதோறும் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கின்றன. ‘டிராஃப்ட்’ எனப்படும் அத்தேர்வில், முந்தைய பருவத்தில் கடைசி இடம் பெற்ற அணியே முதலில் தேர்ந்தெடுக்கும் உரிமை பெறும். வாகை சூடிய அணிக்கு ஒவ்வொரு சுற்றிலும் கடைசி வாய்ப்பு.

இதன் நோக்கம் நேர்மையானதே. 1930களில் பணவளம் மிக்க சில அணிகள் சிறந்த வீரர்களையெல்லாம் தம்பால் ஈர்த்துக்கொள்ள, ஏனைய அணிகள் தோற்றுக்கொண்டே இருந்தன. தோற்றுவந்த பிலடெல்பியா ஈகிள்சு அணியின் உரிமையாளர் பெர்ட் பெல், மெலிந்த அணிக்கு முதல் வாய்ப்புத் தரும் இம்முறையை முன்மொழிந்தார். 1936 இல் முதல் தேர்வு நடந்தது. கடைசி இடத்திலிருந்த அவருடைய அணியே முதல் வீரராக ஜே பெர்வாங்கரைத் தேர்ந்தெடுத்தது. அவரோ தொழில்முறை ஆட்டக்களத்தில் இறங்கவே இல்லை. முதல் தேர்வு என்பது வெற்றிக்கு உறுதிச்சீட்டு அன்று என்பதை முறை பிறந்த ஆண்டே காட்டிவிட்டது.

ஆயினும், அவ்வுரிமையின் மீதான ஆசை அடங்கவில்லை. பருவத்தின் நடுவிலேயே வாகை வாய்ப்பை இழந்த அணி, எஞ்சிய ஆட்டங்களை வென்று பயனென்ன என்று எண்ணத் தொடங்கிற்று. மெலிந்தோரைத் தூக்கிவிட நீட்டிய கை, மெலிந்தோராக நடிப்பவர்க்கும் நீட்டப்பட்டதாயிற்று.

தோற்பதை ஆதரிப்போர் கூறுவன

எதிர்த்தரப்பின் வாதத்தை முழுமையாகக் கேட்டபின் தீர்ப்புக் கூறுவதே முறை. தோற்பதை ஆதரிப்போர் மூன்று கருத்துகளை முன்வைக்கின்றனர்.

முதலாவது, அணியின் நிர்வாகம் ஓர் ஆட்டத்துக்கு மட்டும் பொறுப்புடையதன்று. பல ஆண்டுகளுக்குப் பொறுப்புடையது. வெற்றியோ வீழ்ச்சியோ இன்றி நடுவில் நிற்கும் அணி, நல்ல வீரரையும் பெறாது, வாகையும் சூடாது. சில காலம் தாழ்ந்து பின் உயர்வதே மேல் என்பர். நிலத்தைத் தரிசாக விட்டு வளப்படுத்தும் உழவரை அவர்கள் உவமை காட்டுவர்.

இரண்டாவது, விதியை வகுத்தவர் அமைப்பினரே. விதிக்கு உட்பட்டு நன்மை தேடுவது குற்றமாகாது என்பர்.

மூன்றாவது, களத்தில் நிற்கும் வீரர் எவரும் வேண்டுமென்றே தோற்பதில்லை. நிர்வாகம் சிறந்த வீரர்களை விற்று, அனுபவமற்றவர்களைக் களமிறக்குகிறது; அவர்கள் தம்மால் இயன்றவரை ஆடித் தோற்கின்றனர். ஆதலின் இதில் பொய் இல்லை என்பர்.

இக்கருத்துகளுக்கு நடைமுறைச் சான்றாகப் பிலடெல்பியாவின் கூடைப்பந்து அணியான செவன்டிசிக்சர்சைக் காட்டுவதுண்டு. 2013 முதல் அவ்வணி நிர்வாகம் வெளிப்படையாகவே எதிர்காலத் தேர்வு உரிமைகளைக் குவிக்கும் வழியை மேற்கொண்டது. 2015-16 பருவத்தின் 82 ஆட்டங்களில் பத்தே வெற்றிகள். பின்னர் நல்ல வீரர்கள் கிடைத்தனர். அணி பலமுறை இறுதிக்கட்ட ஆட்டங்களுக்குத் தகுதி பெற்றது. ஆனால், 1983 இல் வென்ற வாகையர் பட்டம் அவ்வழியால் மீண்டும் கைகூடவில்லை.

தோல்வியின் விலையைத் தருவோர் யார்?

உழவர் உவமை கேட்க இனிது, ஆயின் பொருந்தாது. தரிசாக விடும் உழவர் தம் விளைச்சலையே இழக்கிறார். தோற்கும் அணியோ தன் இழப்பைப் பிறர் தலையில் ஏற்றுகிறது.

முதலில் இழப்போர் பார்வையாளர். நுழைவுச்சீட்டுக்கு அவர்கள் தரும் பணம் இரு அணிகளும் வெல்ல முயலும் ஓர் ஆட்டத்துக்காகத் தரப்படுவது. அடுத்து இழப்போர் அவ்வணியின் வீரர்களே. தொழில்முறை வீரரின் களவாழ்வு குறுகியது. நிர்வாகம் ஐந்தாண்டுத் திட்டம் தீட்டலாம். முப்பது வயதை எட்டும் வீரருக்கு ஐந்தாண்டு இல்லை. தோற்பதற்கெனவே அமைக்கப்பட்ட அணியில் அவர் இழக்கும் பருவத்தை எந்தத் தேர்வு உரிமையும் திருப்பித் தராது.

மூன்றாவதாக இழப்போர், அந்த ஆட்டத்திலேயே இல்லாத வேறொரு அணியினர். இதனை உலகுக்கு உணர்த்தியது 1982 உலகக்கோப்பைக் கால்பந்து. எசுப்பானியாவின் கிகோன் நகரில் சூன் 25 அன்று மேற்கு செருமனியும் ஆஸ்திரியாவும் மோதின. செருமனி ஓரிரு கோல் வேறுபாட்டில் வென்றால் இரண்டு அணிகளும் அடுத்த சுற்றுக்குச் செல்லும், அல்ஜீரியா வெளியேறும். அல்ஜீரியா முந்தைய நாளே தன் ஆட்டத்தை முடித்திருந்ததால் இக்கணக்கு இருவருக்கும் தெரியும். பத்தாவது நிமிடத்தில் செருமனி ஒரு கோல் அடித்தது. அதன்பின் பந்து நடுக்களத்திலேயே உலவியது; அரங்கம் சினந்து கூவியது. ஆஸ்திரியா தோல்வியில் மனநிறைவு கொண்டது. அதே செருமனியைத் தன் முதல் ஆட்டத்தில் வீழ்த்திய அல்ஜீரியா, தன் குற்றம் ஏதுமின்றி வெளியேறியது.

இதுபோன்ற இழப்பு இந்தியாவுக்கும் நேர்ந்ததாகக் கருதப்பட்டது. 2012 இலண்டன் ஒலிம்பிக் மகளிர் இரட்டையர் இறகுப்பந்துப் போட்டியில் குழுச்சுற்று முறை புகுத்தப்பட்டிருந்தது. இந்தியாவின் ஜுவாலா கட்டா, அசுவினி பொன்னப்பா இணை தன் குழுவில் இரண்டு ஆட்டங்களை வென்றும், புள்ளி வேறுபாட்டால் காலிறுதி வாய்ப்பை இழந்தது. அக்குழுவில் சப்பானிய இணை சீனத் தைபே இணையிடம் தோற்ற ஆட்டத்தை ஆராய வேண்டும் என்று இந்தியா முறையிட்டது, முறையீடு ஏற்கப்படவில்லை. அதே நாளில் வேறு குழுக்களில் நடந்தவற்றுக்கோ ஆய்வே தேவைப்படவில்லை. சீனா, இந்தோனேசியா ஆகியவற்றின் தலா ஓர் இணையும், தென்கொரியாவின் இரண்டு இணைகளும் காலிறுதியில் தமக்கு ஏற்ற எதிராளியைப் பெறும்பொருட்டு, பந்தை வலையிலும் கோட்டுக்கு வெளியிலும் அடித்துத் தோற்க முயன்றன. பார்வையாளர் கூச்சலிட்டனர், நடுவர் களத்துக்கே வந்து எச்சரித்தார். மறுநாள் எட்டு வீராங்கனைகளும் தகுதிநீக்கம் செய்யப்பட்டனர். ஒருவருக்கொருவர் எதிராக நின்ற இருவரும் தோற்கவே முயலும்போது, அங்கு நடப்பதற்கு விளையாட்டு என்ற பெயர் பொருந்தாது.

1998 இல் தென்கிழக்காசிய நாடுகளின் டைகர் கோப்பைக் கால்பந்தில் இது நகைப்புக்கிடமாயிற்று. தாய்லாந்து, இந்தோனேசியா இரண்டும் அரையிறுதிக்கு ஏற்கெனவே தகுதி பெற்றிருந்தன. தம்முள் வெல்லும் அணி போட்டியை நடத்தும் வியட்நாமை எதிர்கொள்ள வேண்டும் என்பதால் இரண்டுமே வெல்ல விரும்பவில்லை. ஆட்டம் 2-2 என நிற்க, இறுதி நேரத்தில் இந்தோனேசிய வீரர் ஒருவர் தாய்லாந்தினர் தடுக்க முயன்றும் பந்தைத் தம் வலைக்குள்ளேயே அடித்தார். இரு அணிகளுக்கும் தண்டம் விதிக்கப்பட்டது. அவ்வீரர் பன்னாட்டு ஆட்டங்களில் ஆட வாழ்நாள் தடை பெற்றார். அத்தனைக்குப் பின்னும் இரு அணிகளும் அரையிறுதியில் தோற்றன. எளிய எதிராளி என்று இந்தோனேசியா தேடிக்கொண்ட சிங்கப்பூர் அணிதான் அதனை வீழ்த்தியது. இறுதியாட்டத்தில் ஆர். சசிகுமார் அடித்த ஒரே கோலால் கோப்பையையும் அவ்வணியே வென்றது.

விட்டுக்கொடுத்தலும் தோற்றுக்கொடுத்தலும்

களத்தில் எதையேனும் விட்டுக்கொடுப்பது எல்லாம் தவறாகிவிடாது. சதுரங்க ஆட்டக்காரர் ஒரு சிப்பாயை, சிலபோது அரசியையே பலிகொடுத்து எதிர் அரசனை வளைப்பார். கபடியில் ஓர் அணியில் ஒருவர் மட்டும் எஞ்சி நிற்கையில், அவர் விரைந்து ஆட்டமிழந்து, எதிரணிக்குக் கூடுதலாக இரண்டு புள்ளிகள் சென்றாலும் ஏழு பேரையும் மீண்டும் களத்துக்குக் கொண்டுவருவதுண்டு. இவை அந்த ஆட்டத்தை வெல்வதற்கான வழிகள். எதிராளியும் இதனை அறிவார், முறியடிக்கவும் முயல்வார்.

தகுதி உறுதியானபின் காயமுற்ற வீரருக்கு ஓய்வளிப்பதும், இளையவருக்கு வாய்ப்பளிப்பதும் வேறு. களமிறங்கும் இளையவர் வெல்லவே ஆடுகிறார். அவரை அனுப்பியவரும் அவர் வெல்வதையே விரும்புகிறார். தோற்றுக்கொடுத்தலில் இவ்விருப்பம் இல்லை. தம் அணி வென்றுவிடுமோ என்று நிர்வாகம் அஞ்சுகிறது. இவ்வச்சமே எல்லைக்கோடு. வீரர் உண்மையாக ஆடுகிறார், ஆதலின் பொய் இல்லை என்னும் வாதம் இங்குத் தளர்கிறது. பொய் களத்தைவிட்டு நிர்வாக அறைக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவே.

விதியைத் திருத்துவதே வழி

விதிக்கு உட்பட்டதெல்லாம் குற்றமற்றது என்னும் வாதத்தில் பாதி உண்மை உண்டு. தோற்பவருக்குப் பரிசளிக்கும் விதியை வகுத்துவிட்டு, பரிசை நாடுவோரை மட்டும் பழிப்பது நேர்மையன்று. எனவே, முதற்பொறுப்பு விதி வகுப்போருடையது. திருந்திய விதிகள் நற்பயன் தந்ததற்குச் சான்றுகள் உள்ளன.

கிகோன் நிகழ்வுக்குப் பின், 1986 உலகக்கோப்பை முதல் ஒவ்வொரு குழுவின் கடைசி ஆட்டங்களும் ஒரே நேரத்தில் நடத்தப்படுகின்றன. பிறர் முடிவைப் பார்த்துக் கணக்கிடும் வாய்ப்பு குறைந்தது. இலண்டன் நிகழ்வுக்குப் பின், 2016 ஒலிம்பிக்கில் குழுவில் இரண்டாமிடம் பெறும் இணைகளுக்கு எதிராளி யார் என்பது குழுச்சுற்று முடிந்தபின் குலுக்கலில் முடிவுசெய்யப்பட்டது. யாரிடம் தோற்றால் யாரைச் சந்திக்கலாம் என்று முன்கூட்டியே அறிய இயலாதபோது தோற்பதற்குக் காரணமே இல்லை.

அமெரிக்கக் கூடைப்பந்து அமைப்பான என்.பி.ஏ. 1985 இல் குலுக்கல் முறையைக் கொணர்ந்தது. 2019 முதல் கடைசி மூன்று அணிகளுக்கும் முதல் தேர்வுக்கான வாய்ப்பு தலா 14 விழுக்காடு எனச் சமமாக்கப்பட்டது. கடைசி இடத்துக்கும் அதற்கு மேலுள்ள இரண்டு இடங்களுக்கும் வேறுபாடு இல்லையாதலின், அடித்தளத்தைத் தொடும் போட்டியின் வேகம் தணிந்தது. எனினும், முழுதும் நீங்கிவிடவில்லை.

ஐரோப்பியக் கால்பந்து வேறொரு வழியைக் கொண்டுள்ளது. இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் உள்ள 20 அணிகளில் கடைசி மூன்றும் கீழ்ப்பிரிவுக்கு இறக்கப்படும். அங்குத் தோல்வி வருவாயையும் பெருமையையும் ஒருசேரப் பறிக்கும். ஆதலின் பருவத்தின் கடைசி நாள்வரை அடிநிலை அணிகள் உயிரைக் கொடுத்து ஆடுகின்றன. ஆனால், இம்முறையில் செல்வம் மிக்க அணிகளே ஆண்டுதோறும் உச்சியில் நிற்கும் குறை உண்டு.

இந்தியாவில் 2008 இல் தொடங்கிய ஐ.பி.எல். மட்டைப்பந்துத் தொடர் ஏல முறையைத் தேர்ந்தது. எல்லா அணிகளுக்கும் ஒரே செலவு வரம்பு. கடைசி இடம் பெற்ற அணிக்கு ஏலத்தில் தனிச்சலுகை இல்லை. 2025 இல் சென்னை அணி பத்தாவது இடத்தில் முடித்தபோதும் அத்தோல்வி அதற்கு எந்த முன்னுரிமையையும் ஈட்டித் தரவில்லை. மெலிந்தோரைக் காக்கவும் வேண்டும், தோல்விக்குப் பரிசும் கூடாது என்னும் இரு தேவைகளையும் ஒருங்கே நிறைவுசெய்ய இஃது ஓரளவு ஏற்ற வழி.

எனினும், விதி ஒன்றே போதாது. எவ்வளவு நுணுக்கமாக வகுத்தாலும் எங்கோ ஓர் இடைவெளி இருக்கும். 2004 இல் கோவாவின் இரண்டாம் பிரிவுக் கால்பந்தில், மேற்பிரிவுக்குச் செல்லக் கோல் வேறுபாடு தேவைப்பட்டபோது இரண்டு ஆட்டங்கள் 55-1, 61-1 என முடிந்தன. அங்கே வென்றவரும் தோற்றவரும் கூடியே விளையாட்டை இழிவுபடுத்தினர். நான்கு கழகங்களும் தடை பெற்றன. அத்தகைய இடைவெளிகளை அடைக்க வல்லது ஆடுவோரின் மானமே.

மாணவர்க்கு இதில் என்ன?

தொழில்முறை அணிகளின் கோடிக்கணக்கான பணமும் தேர்வு உரிமைகளும் பள்ளி மைதானத்துக்குத் தொலைவானவை. ஆயின், கணக்கு ஒன்றே. குறுவட்டப் போட்டியிலும், மாவட்டப் போட்டியிலும், முதலமைச்சர் கோப்பையிலும் குழு முறை உண்டு. “இந்த ஆட்டத்தில் தோற்றால் அரையிறுதியில் எளிய அணி கிடைக்கும்” என்று எவரேனும் காதோடு சொல்லும் வேளை ஓர் அணித்தலைவருக்கு வரக்கூடும். அவ்வேளையில் மூன்று வினாக்கள் போதும். இம்முடிவை எதிரணிக்கும் பார்வையாளருக்கும் வெளிப்படையாகச் சொல்ல இயலுமா? இதனால் களத்தில் இல்லாத ஓர் அணி வாய்ப்பை இழக்குமா? நம் அணியின் இளைய வீரர் வெற்றிக்கோலை அடித்துவிட்டால் மகிழ்வோமா, வருந்துவோமா? மூன்றாவது வினாவுக்கு ‘வருந்துவோம்’ என்பது விடையானால், அந்த அணி களத்தில் இறங்கும் தகுதியை இழந்துவிட்டது.

மெலிந்த அணிக்கு உதவி வேண்டும் என்பதில் ஐயமில்லை. நல்ல பயிற்சியாளர், சமமான செலவு வரம்பு, இளைய வீரர்களை வளர்க்கும் நிதி என உதவிக்கு வழிகள் பல உண்டு. தோல்வியின் எண்ணிக்கையை மட்டும் அளவுகோலாக்கி உதவி செய்யும் முறை, தோல்வியையே விளைபொருளாக்கிவிடும். ஆதலின், தேர்வு வாய்ப்புக்காக வேண்டுமென்றே தோற்பது தகாது. தோற்கத் தூண்டும் விதியை நீடிக்கவிடுவதும் தகாது. ஆடுவோர் தம் கடமையையும் விதி வகுப்போர் தம் கடமையையும் செய்தாலன்றி, பார்க்க வந்தவருக்கு உரிய ஆட்டம் கிடைக்காது.

தெரியுமா?

சுவிஸ் முறையில் முதற்சுற்று இணைகள் தரவரிசையின் அடிப்படையில் அமைக்கப்படும். ஏற்கெனவே மோதிய இருவர் அதே தொடரில் மீண்டும் மோதமாட்டார். ஆட்டக்காரர் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருப்பின், ஒவ்வொரு சுற்றிலும் ஒருவர் எதிராளியின்றி இருப்பார்.

கற்பவை கற்றபின்

1. ‘தோற்ற அணிக்கே முதல் தேர்வு உரிமை’ என்னும் முறையை ஆதரித்தும் எதிர்த்தும் வகுப்பில் இரு குழுவாக வாதிடுக.

2. உங்கள் பள்ளி விளையாட்டு விழாவில் குழுச்சுற்று நடத்துவதாகக் கொண்டு, வேண்டுமென்றே தோற்பதற்கு இடமளிக்காத விதிகளை எழுதுக.

3. விட்டுக்கொடுத்தலுக்கும் தோற்றுக்கொடுத்தலுக்கும் உள்ள வேறுபாட்டை, உங்களுக்குத் தெரிந்த ஒரு விளையாட்டின் வழியே விளக்குக.